பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டக் கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பிரிவு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் பணியாற்றும் நான், ஆள் எடுக்கும் காலங்களில் வந்து குவியும் விண்ணப்பங்களை முதலில் படித்துப் பிரித்து வைப்பவன். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளின் பயோடேட்டாக்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை போல வருவதால் இந்த மடலை எழுதுகிறேன்.

சென்ற மாதம் கணக்கு உதவியாளர் பணிக்கு ஒரு பெண்ணின் நான்கு பக்க விண்ணப்பம் வந்தது. முதல் பக்கம் முழுவதும் பெற்றோர் பெயர், மதம், சாதி, இரத்தப் பிரிவு, ஆதார் எண்; அடுத்ததில் பத்தாம் வகுப்பின் பாடவாரி மதிப்பெண்கள். ஒதுக்கி வைத்துவிட்டேன். பிறகு மனம் கேளாமல் எடுத்துப் புரட்டியபோது, கடைசிப் பக்கத்தில், பாட்டுக் கேட்பது, கோலம் போடுவது என்பவற்றுக்குக் கீழே, ஊர்ப் பால் சங்கத்தில் இரண்டாண்டுகள் காலை வேளையில் பாலின் அளவும் கொழுப்பும் பதிந்து, உறுப்பினர்களுக்கான பட்டுவாடாக் கணக்கும் எழுதியதாக ஒரு வரி இருந்தது. நாங்கள் தேடியது அந்த ஒரு வரியைத்தான். அது முதல் பக்கத்தின் தலையில் இருந்திருக்க வேண்டும்.

அரசுப் பணிக்கான படிவத்தில் இடஒதுக்கீட்டின் பொருட்டுச் சாதியும் மதமும் கேட்கப்படுவது முறையே. அதைப் பார்த்துப் பழகிய கையோடு டி.டி.பி. கடையில் தனியார் வேலைக்கும் அப்படியே அடித்துத் தருகிறார்கள் என்று நினைக்கிறேன். கணக்கு எழுதும் வேலைக்குச் சாதி எதற்கு? ஆதார் எண்ணைப் பற்றி எனக்குக் கவலையே உண்டு. வாட்ஸ்அப்பில் எத்தனை கை மாறுமோ தெரியாத தாளில் 12 இலக்கங்களையும் எழுதுவது ஆபத்து. முதல் 8 இலக்கங்களை மறைத்து எடுக்கும் வசதியை ஆதார் ஆணையமே தந்திருக்கிறது; அந்த நகலையும் வேலை உறுதியான பிறகு கொடுத்தால் போதும். ‘மேற்கண்டவை யாவும் உண்மை’ என்ற உறுதிமொழியும் வேண்டியதில்லை.

ஆனால் தெரிந்த மொழிகளைப் பற்றிய வரியை வெட்ட வேண்டாம். கோவையிலிருந்து சரக்கு அனுப்புவோரிடம் தமிழிலும் பாலக்காட்டு அலுவலகங்களில் மலையாளத்திலும் பேசத் தெரிந்தவர் எங்களுக்கு அன்றாடம் தேவைப்படுகிறார். மலையாளம் பேச மட்டும் தெரியுமா, எழுதவும் வருமா என்பதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். தமிழ்வழியில் படித்ததைச் சில பிள்ளைகள் கூச்சத்தால் மறைக்கிறார்கள். அதைக் காண எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இறுதியாண்டு மாணவர்கள் கல்லூரியை விட்டுப் போகுமுன், ஒரு பிற்பகலை ஒதுக்கி, அவரவர் பயோடேட்டாவை அச்செடுத்து வரச் செய்து, ஒவ்வொரு வரியும் இந்த வேலைக்கு எதற்கு என்று கேட்டு, பதில் இல்லாதவற்றைச் சிவப்பு மையால் அடிக்கச் செய்யுமாறு தங்களை வேண்டுகிறேன். அழைத்தால் எந்தச் சனிக்கிழமையும் வந்து உடன் அமரச் சித்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
கஞ்சிக்கோட்டிலிருந்து ஒரு கணக்கர்