பதக்கம் கிடைத்தது

அன்பு மகனே,

உன் இழுப்பறையை ஒழித்தபோது அந்தப் பதக்கம் கிடைத்தது. ஒன்பது வயதில் புனித வோய்ச்சியெக் திருவிழாக் கடையில் அடம்பிடித்து வாங்கினாயே, அதேதான். ஒரு பக்கம் இரட்டைக் கோபுரத்தோடு நம் க்னியெஸ்னோ பேராலயம், மறுபக்கம் வெண்கலக் கதவு. கோபுரங்கள் அப்படியே இருக்கின்றன, கதவுதான் மழுங்கிப் போயிருக்கிறது. கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே திரிவாய், உன் பச்சைக் கோட்டின் பை ஓட்டையானதும் இதனால்தான்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? டப்ளினில் விடாத மழை என்கிறார்கள், தொப்பி போட்டுக்கொள். பணம் மாதாமாதம் சரியாக வந்துவிடுகிறது, அதில் குறையே இல்லை. போன் செய்தால் அவள்தான் எடுக்கிறாள், வேலைக்குப் போயிருக்கிறாய் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரியும் வேலையா? சரி, நான் ஒன்றும் கேட்கவில்லை. உன் மாமாவும் இப்படித்தான் ஆரம்பித்தார், அதனால் சொல்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

ஏப்ரலில் ஊர்வலம் நடந்தது. வோய்ச்சியெக்கின் வெள்ளிப் பேழை போகும்போது உன் பள்ளி டீச்சர் பக்கத்தில் வந்து நின்று உன்னைப் பற்றி விசாரித்தார். பெரிய பெரிய கட்டடம் கட்டுகிறான் என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் உன் மேல் அவ்வளவு கோபம் வந்தது. ஈஸ்டருக்கு ஒரு வார்த்தை பேசக்கூடவா நேரமில்லை?

மறுநாள் போய்க் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். இடது கதவு ஒரே வார்ப்பு, வலது கதவு துண்டு துண்டாக வார்த்து இணைத்தது என்று சுற்றுலா வந்தவர்களிடமெல்லாம் நீ விளக்குவாயே. வோய்ச்சியெக்கின் வாழ்க்கையைச் சொல்லும் 18 காட்சிகளும் உனக்கு மனப்பாடம். இடது பக்கம் கீழிருந்து மேலே, வலது பக்கம் மேலிருந்து கீழே. அதனால் பிறப்பும் அடக்கமும் அடியில் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிடுகின்றன. பிறப்புக்கு மேல், நோயில் கிடந்த குழந்தையைப் பெற்றவர்கள் பலிபீடத்தில் ஒப்புக்கொடுக்கிறார்கள். அதற்கு மேல், பையனை மாக்டெபர்க் பள்ளியில் கொண்டுபோய் விடுகிறார்கள். இத்தனை வருடமாக அந்த இரண்டையும் தாண்டித்தான் போயிருக்கிறேன், அன்றைக்கு நகர முடியவில்லை.

நீ போன இரண்டாவது குளிர்காலத்தில் போன் செய்து, அம்மா, நான் திரும்பி வந்துவிடுகிறேன் என்றாய். கூரைக் கடன் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றேன். நீ சரி என்று மட்டும் சொன்னாய். உன் குரல் உடைந்திருந்தது எனக்குக் கேட்டது மகனே, கேட்டும்தான் அப்படிச் சொன்னேன். வேண்டாம் என்று சொன்னது உன் அப்பா என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய், அவருக்கு நீ கேட்டதே தெரியாது. கடைசி வரை தெரியாது. கடன் அடைந்து எவ்வளவு காலம் ஆகிறது, அப்புறமும் நான் வா என்று சொல்லவில்லை. கேட்டு, நீ வரமாட்டேன் என்றால் என்ன செய்வது என்று பயம்.

வலது கதவில் போலந்தை ஆண்ட போலெஸ்வாஃப், வோய்ச்சியெக்கைக் கொன்ற பிரஷ்யர்களிடமிருந்து அவர் உடலை மீட்கிறார், தராசில் பொன் நிறுக்கிறார்கள். சின்ன வயதில் உனக்கு ரொம்பப் பிடித்தது அந்தத் தராசுதான். என்னால் இப்போது அதைப் பார்க்க முடியவில்லை.

நீ அனுப்புகிற பணத்தில் பாதியை நான் தொடவே இல்லை. டிக்கெட்டுக்குப் போதும், இரண்டு பேருக்கும் போதும். அங்கே எதுவாக நடந்திருந்தாலும் வா, வந்து சொல், சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. பதக்கத்தைத் தபாலில் அனுப்பமாட்டேன். உன் இழுப்பறையிலேயே வைத்திருக்கிறேன்.

அம்மா