பல்லுலயும் பிரிட்ஜ், கடல்லயும் பிரிட்ஜ்

ஆசிரியர் சாருக்கு வணக்கம். ரெண்டு பல்லு விழுந்துபோச்சு, டாக்டரு பிரிட்ஜ், அதான் பக்கத்து பல்லுகள புடிச்சு நிக்கிற செயற்கைப் பல்லு, போடணும்னாரு. வாய்க்குள்ளயுமா ரயிலு விடப்போறாங்கன்னு பேத்தி ஒரே சிரிப்பு. அப்புறம் அவதான் டிக்ஷனரிய பாத்து சொன்னா, அந்த வார்த்தைக்கு ஆதியில மரக்கட்டை, உத்தரம்னுதான் அர்த்தமாம், நார்வே பக்கத்து பழைய பாஷையில அதே வார்த்தை 'பிரிக்யா', அதுக்கு படகு கட்டுற துறைன்னு பொருளாம், நம்ம பாம்பன் ஆளுகளுக்கு இது சட்டுனு புரியும். சீட்டாட்ட பிரிட்ஜ் மட்டும் வேற, 'பிரிட்ச்'சுங்கிற பேரு மருவுனது.

1914ல தொறந்த ரயில் பாலமும் பிரிட்ஜ், 2025ல தொறந்த புதுசும் பிரிட்ஜ், சரி. தனுஷ்கோடிக்கு அந்தாண்ட கெடக்குற மணல் திட்டுக்கும் வெள்ளைக்காரன் ஆடம்ஸ் பிரிட்ஜுன்னே பேரு வச்சிருக்கான், நாம சேதுங்கிறோம், அதுக்கும் பாலம்னுதான சார் அர்த்தம்!

இப்படிக்கு,
பாம்பன் வாசகர்