ஈசிஎம் மாற்றச் சம்மதிக்கும் முன்: வட சென்னை டிரெய்லர் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டிரெய்லர் லாரி உரிமையாளர்களுக்கும், அவர்களுடைய சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

எர்ணாவூர் பக்கத்தில் 22 ஆண்டுகளாக ஆட்டோ எலக்ட்ரீஷியனாக வேலை செய்துவருகிறேன். சென்னைத் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் கண்டெய்னர் ஏற்றிச் செல்லும் உங்கள் வண்டிகள் பலவற்றின் கப்ளர்களை (வயர் இணைப்பிகளை) நான் கழற்றி மாட்டியிருக்கிறேன். அந்த உரிமையில் ஒன்றைக் கேட்கவே இம்மடலை எழுதுகிறேன். ஸ்கேனரில் கோடு, அதாவது பழுதுக் குறியீட்டு எண், வந்தது என்பதற்காக மட்டும், இன்ஜினை இயக்கும் கணினிப் பெட்டியான ஈசிஎம்மை மாற்றச் சம்மதம் தராதீர்கள். சோதித்துப் பார்க்க ஒரு மணி நேரமும், அந்தச் சோதனைக்கு உரிய கூலியும் கொடுங்கள்.

சென்ற ஐப்பசியில் ஒரு வண்டி என் கடைக்கு வந்தது. துறைமுக ஜீரோ கேட்டுக்குப் போகும் வரிசையில் நின்றபோது அதன் இன்ஜின் அணைந்திருக்கிறது. செல்ஃப் அடித்தால் சுற்றும், சில நேரம் பிடிக்கும், உடனே நின்றுவிடும். முதலில் இழுத்துச் சென்ற ஒரு பெரிய பணிமனையில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, கிராங்க் சென்சார், ரயில் பிரஷர் சென்சார், ஆக்சிலரேட்டர் பெடல், மின்னழுத்தக் குறைவு, தகவல் தொடர்புத் துண்டிப்பு என ஐந்து கோடுகளைக் குறித்து, ஈசிஎம் போய்விட்டது என்று முடிவு கட்டி, 1,40,000 ரூபாய்க்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்திருந்தார்கள். உரிமையாளருக்கு இருப்பதே இரண்டு வண்டிகள். இரண்டுக்கும் தவணை ஓடுகிறது. கிராங்க் சென்சாரை அவர் ஏற்கெனவே ஒருமுறை மாற்றிப் பார்த்துவிட்டார்.

ஐந்து பாகங்கள் சொல்லிவைத்தாற்போல் ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை. ஐந்துக்கும் பொதுவாக இருப்பது எது என்றுதான் முதலில் தேட வேண்டும். ஈசிஎம்மின் எர்த் வயரில் மல்டிமீட்டரை வைத்தபோது, இணைப்பு இருக்கிறது என்று காட்டும் பீப் ஒலித்தது. அதை நம்பி விட்டிருந்தால் நானும் அதே முடிவுக்குத்தான் வந்திருப்பேன். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கட்டையிலும் மறுமுனையை ஈசிஎம் கப்ளரின் எர்த் பின்னிலும் வைத்துக்கொண்டு, ஓட்டுநரைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். 0.2 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டிய அளவு 2.6 வரை ஏறியது. வயரைப் பிடித்துக்கொண்டே போனால், கேபினுக்குக் கீழே சேஸிஸில் முடுக்கியிருந்த லக்கில் (வயர் நுனியின் உலோக வளையத்தில்) போய் முடிந்தது. மேலுறை புதிது போல் இருந்தது. உறையைக் கீறியபோது உள்ளே செம்பு முழுவதும் பச்சைக் களிம்பு. விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. மிஞ்சியிருந்தவை நான்கைந்து இழைகள். பீப் ஒலிக்க அந்த இழைகள் போதும். ஈசிஎம் இழுக்கும் மின்னோட்டத்தைச் சுமக்க அவை போதாது. களிம்பேறிய பகுதியை வெட்டிவிட்டு, புது லக் அடித்து, சேஸிஸின் பெயின்ட்டை இரும்பு தெரியும்வரை சுரண்டி முடுக்கினேன். ஐந்து கோடுகளும் போயின, திரும்ப வரவில்லை. செலவு கூலியோடு 1,500 ரூபாய். அதே ஈசிஎம்மோடுதான் அந்த வண்டி இன்றும் காட்டுப்பள்ளிக்கு ஓடுகிறது.

கோடு என்பது என்ன என்பதில் நம்மிடையே தெளிவு இல்லாததுதான் இத்தகைய மதிப்பீடுகளுக்கு இடம் கொடுக்கிறது. ஈசிஎம்முக்குக் கண் கிடையாது. தன் பின்களுக்கு வந்து சேரும் மின்னழுத்தத்தை மட்டுமே அது அறியும்; வர வேண்டிய அளவும் வந்த அளவும் ஒத்துப்போகாவிட்டால் அதைக் கோடாகக் குறித்து வைக்கும். பி0087 என்றால், இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் பொதுக் குழாயான காமன் ரயிலில் எரிபொருள் அழுத்தம் குறைவு என்று பொருள். டீசல் ஃபில்டர் அடைத்திருந்தாலும், குழாயில் காற்று இழுத்தாலும், இன்ஜெக்டர் ரிட்டர்னில் கசிந்தாலும், பம்ப் தேய்ந்திருந்தாலும், சென்சாரின் வயர் உரசிப்போயிருந்தாலும் அதே கோடுதான் வரும். எந்தச் சுற்றில் தேட வேண்டும் என்பது வரைதான் கோடு சொல்லும். எந்தப் பாகத்தைக் கழற்ற வேண்டும் என்பதை மனிதன்தான் சோதித்துச் சொல்ல வேண்டும்.

கனரக வண்டிகளின் பாகங்கள் தகவல் பரிமாறும் ஜே1939 முறையில் கோடு இரண்டு எண்களாக வரும். முதல் எண்ணான எஸ்பிஎன், பழுது எதில் என்பதைச் சொல்லும். இரண்டாவதான எஃப்எம்ஐ, அது எப்படிப்பட்ட பழுது என்பதைச் சொல்லும். நம் பகுதியில் பலர் முதல் எண்ணை மட்டும் படித்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். எஸ்பிஎன் 100 என்பது இன்ஜின் ஆயில் அழுத்தம். அதோடு எஃப்எம்ஐ 1 வந்தால் அழுத்தம் உண்மையிலேயே ஆபத்தான அளவுக்குக் குறைந்திருக்கிறது என்பதால் இன்ஜினை அந்த இடத்திலேயே அணைத்தாக வேண்டும். எஃப்எம்ஐ 4 வந்தால் சென்சார் வயரில் வரும் மின்னழுத்தம் இயல்புக்குக் கீழே போய்விட்டது என்று பொருள், அதாவது முதலில் தேட வேண்டியது வயரிலும் கப்ளரிலும். பழுது என்னவென்று ஓட்டுநர் போனில் கேட்டால், இரண்டு எண்களையும் படித்துச் சொல்லும்படி அவரிடம் கேளுங்கள்.

இதை நான் குறையில்லாதவன் என்ற இடத்திலிருந்து எழுதவில்லை. 2021இல் ஒரு வண்டிக்கு ஈசிஎம் மாற்றச் சொன்னவன் நான்தான். புதியது வந்தது, புரோகிராம் செய்யப்பட்டது, பழுது அப்படியே இருந்தது. சென்சார்கள் பலவற்றுக்கு ஈசிஎம்மிலிருந்து ஒரே 5 வோல்ட் வரிசைதான் பகிர்ந்து போகிறது. அதில் ஒரு சென்சாரின் வயர் எர்த்தில் பட்டால் அந்த வரிசையில் உள்ள அத்தனை சென்சார்களும் பொய் சொல்லத் தொடங்கும். சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்து, எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறது என்று பார்த்திருந்தால் அரைமணி நேரத்தில் அகப்பட்டிருக்கும். வண்டி எண்ணும் இன்ஜெக்டர் எண்களும் ஏற்றப்பட்ட ஈசிஎம்மைத் திருப்பி எடுத்துக்கொள்ள யாரும் முன்வரவில்லை. அந்த நட்டத்தில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிந்தது. அன்றிலிருந்து, மின்சாரம், எர்த், 5 வோல்ட், வண்டியின் கணினிப் பெட்டிகள் தமக்குள் தகவல் பரிமாறும் கேன் வயர்கள் ஆகிய நான்கையும் அளந்து எழுதாமல் நான் ஈசிஎம்மைக் குற்றம் சொல்வதில்லை. கேன் வயர்களைச் சோதிப்பதும் பெரிய வேலை அன்று. பேட்டரியைக் கழற்றிவிட்டு, பெரும்பாலான வண்டிகளில் ஸ்கேனர் மாட்டும் 16 பின் சாக்கெட்டின் 6ஆம் பின்னுக்கும் 14ஆம் பின்னுக்கும் இடையே அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் எங்கோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. சுழியத்தை ஒட்டி வந்தால் இரண்டு வயர்களும் ஒன்றோடொன்று பட்டிருக்கின்றன.

நம் பகுதி வயர்களுக்கு இரக்கம் காட்டாத பகுதி. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை கடல் உப்பு காற்றிலேயே இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மணலியிலும் எர்ணாவூரிலும் தேங்கிய நீரில் எண்ணெயும் கலந்திருந்தது. அந்த நீரில் நின்ற வண்டிகளின் கப்ளர்களில் அதன் தடம் இன்னும் வெளிப்பட்டுக்கொண்டிருக்கிறது. இவை நம் கையில் இல்லாதவை. கையில் இருப்பவையும் உண்டு. ஜிபிஎஸ் பொருத்துபவரும் எல்இடி விளக்கு போடுபவரும் வயர்க் கட்டான ஹார்னஸைக் குத்தி வயர் எடுப்பதை அனுமதிக்காதீர்கள். வாட்டர் சர்வீஸில் ஈசிஎம் மேல் நேராகத் தண்ணீர் பீய்ச்ச விடாதீர்கள். கண்டெய்னரைப் பூட்டும் ட்விஸ்ட் லாக்கை வெல்டிங் செய்யும்போது பேட்டரியைக் கழற்றி, ஈசிஎம் கப்ளர்களையும் கழற்றி, எர்த் கிளாம்பை வெல்டிங் செய்யும் இடத்துக்கு அருகிலேயே மாட்டச் சொல்லுங்கள். ஈசிஎம் உண்மையிலேயே செத்துப்போய் என்னிடம் வந்த வண்டிகளில் பல, அதற்கு முந்தின வாரம் வெல்டிங் பட்டறையில் நின்றவை.

2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ்-6 மாசுத் தர வண்டிகளில் புகையைச் சுத்தப்படுத்தும் அமைப்புகளால் சென்சார்களும் கோடுகளும் பெருகிவிட்டன. வரிசையில் மணிக்கணக்காக ஐடிலிங்கில் நிற்கும் வண்டியின் புகைக்கு, புகை வடிகட்டியான டிபிஎஃப்பில் சேரும் கரியை எரிக்கும் அளவு சூடு வராது. அதனால், கரி அதிகம் சேர்ந்துவிட்டது என்று வரும் பி2463 உண்மையைச் சொல்லும் கோடு. அதற்கு எந்தச் சென்சாரையும் மாற்ற வேண்டியதில்லை, அந்தக் கரியை எரித்துத் தீர்க்கும் ரீஜெனரேஷன் நடக்க வழி செய்தால் போதும்.

வழியில் எவரும் கோடுகளை அழிக்க விடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். கோடு பதிவான நொடியில் இன்ஜினின் வேகம், சூடு, சுமை ஆகியவை எவ்வளவு இருந்தன என்ற ஃப்ரீஸ் ஃப்ரேம் விவரமும் கோட்டோடு சேர்ந்தே அழிந்துவிடுகிறது. விட்டுவிட்டு வரும் பழுதைப் பிடிக்க எங்களுக்கு இருக்கும் ஒரே துப்பு அதுதான்.

இனி கூலி. புதுப் பாகம் போட்டால் கேள்வி கேட்காமல் பணம் தருகிறீர்கள். இரண்டு மணி நேரம் அளந்து பார்த்து, எந்தப் பாகமும் மாற்றத் தேவையில்லை என்று சொன்னால், ஒன்றும் மாற்றவில்லையே, எதற்குக் கூலி என்கிறீர்கள். கண்டுபிடிப்பதற்குக் காசு இல்லை, மாற்றுவதற்குத்தான் காசு என்று ஆகிவிட்டால், பட்டறைகள் எல்லாம் மாற்றுவதைத்தான் கற்றுக்கொள்ளும். என்னிடம் வேலை பழகும் பையன்கள் ஸ்கேனரை விரைவாகக் கற்றுக்கொள்கிறார்கள். மீட்டரைப் பொறுமையாகப் பிடிக்க அவர்களைப் பழக்குவதுதான் கடினமாக இருக்கிறது. அந்தப் பொறுமைக்குக் கூலி உண்டு என்பதை அவர்கள் உங்களிடமிருந்துதான் காண வேண்டும்.

வயரிங் டயகிராம் கிடைக்காதது எங்கள் கையைக் கட்டும் இன்னொரு குறை. கார்களைப் பொறுத்தவரை, உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தராமல் வைத்திருந்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்கு பின்னர் மேல்முறையீடுகளுக்குப் போனது. பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய இணைய வாயிலிலும் வாகனத் துறை சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் ஒரு தனிப் பட்டறைக்காரன் கேட்பதற்கும், ஒரே நேரத்தில் பத்து வண்டி வாங்குபவர் கேட்பதற்கும் வேறுபாடு உண்டு. வண்டிக்குக் கையெழுத்துப் போடும் நாளில், அந்த மாடலின் வயரிங் டயகிராமையும் கோடு விளக்கப் புத்தகத்தையும் சேர்த்துத் தரும்படி விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

சங்க நிர்வாகிகளிடம் கேட்பது ஒன்றே. ஈசிஎம் மாற்றுவதற்கான எந்த மதிப்பீட்டுத் தாளிலும், செல்ஃப் அடிக்கும்போது ஈசிஎம் கப்ளரில் வரும் பேட்டரி வோல்ட், அதே நேரத்தில் எர்த்தில் விழும் வோல்ட், சென்சார் வரிசையின் 5 வோல்ட் அளவு ஆகிய மூன்று எண்களும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று உங்கள் உறுப்பினர்களுக்குத் தெரிவியுங்கள். அவை இல்லாத தாளில் யாரும் கையெழுத்திட வேண்டாம். என் கடையிலிருந்து வரும் தாளுக்கும் இதே நிபந்தனையை வையுங்கள்.

இப்படிக்கு,
எர்ணாவூர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவன்