தொட்டியில் எத்தனை நாள்?

ஆத்தங்குடி,
மார்கழி

அன்புள்ள சொக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. வாட்ஸ்அப்பில் நாலு வரியில் சொல்லக்கூடியதைப் பேனா பிடித்து எழுதியிருக்கிறாய் என்றால் விஷயம் பெரிசு என்று உறையைப் பிரிக்கும்போதே தெரிந்துவிட்டது. இருபத்தாறு வருஷக் கடையை மூடிவிட்டாய். சரக்கை எடைக்குப் போட்டதை ஒரே வரியில் முடித்துவிட்டு, போர்டைக் கழற்றி இறக்கியதை ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். எனக்குப் புரிகிறது.

முதலில் ஊர்ச் சங்கதி. இந்த வருஷம் மழை மோசமில்லை, ஊருணி நிறைந்துவிட்டது. சின்னவன் அழகப்பா யுனிவர்சிட்டியில் எம்.காம். சேர்ந்திருக்கிறான். கானாடுகாத்தானில் உங்கள் பங்காளி வீட்டுக்கு வாரம் தவறாமல் சினிமாக்காரர்கள் வருகிறார்கள்; முகப்பில் வெள்ளைக் குடை விரித்து யாராவது ஒரு பெண்ணைத் தூணில் சாய வைத்துப் படம் எடுக்கிறார்கள். உன் வீட்டு வளவில் பட்டாசாலைக் கூரையில் இரண்டு இடத்தில் ஓடு நகர்ந்திருக்கிறது. காவல்காரரிடம் சொல்லிவிட்டேன். நீயும் ஒரு போன் போட்டுவிடு.

இனி நீ கேட்டது. “உங்க ஆண்டவர் உன்னை எப்படித் தூக்கிவிட்டார்னு எழுது, எனக்கும் ஆகுமான்னு பாக்குறேன்” என்று பாதி கேலியாகக் கேட்டிருந்தாய். தூக்கிவிடவில்லையடா. அன்று பட்டறையில் ஒன்பது பேர் இருந்தோம், இன்று நாலு பேர். அப்போது வாங்கிய கடனில் இன்னும் கொஞ்சம் நிற்கிறது. போதாதற்கு நம் ஆத்தங்குடித் தரைக்கல்லின் பூவையும் கொடியையும் அப்படியே அச்சடித்து குஜராத் மோர்பியிலிருந்து செராமிக் டைல்ஸாகப் பெட்டி பெட்டியாக வந்து இறங்குகிறது. தொழில் நிமிர்ந்த கதை வேண்டுமென்றால் வேறு ஆளைத்தான் கேட்க வேண்டும். என்னிடம் இருப்பது வேறு. அதை உனக்கு இத்தனை நாள் சொல்லவில்லை. உனக்கு மட்டுமில்லை, யாருக்கும்.

2019 ஐப்பசியில் அந்தப் பெரிய ஆர்டர் வந்ததும், கல் பொரிந்துபோய் நான் நட்டப்பட்டதும் உனக்குத் தெரியும். சிமெண்ட் லோடு சரியில்லை, கலவை போட்ட பெரியவர் கை தவறிவிட்டார் என்று உன்னிடம் சொன்னேன். நீயும் “வயசாச்சுல்ல, பாவம்” என்றாய். அது பொய்.

நடந்ததைச் சொல்கிறேன். நம் கல் எப்படி ஆகிறது என்று நீ சின்ன வயசில் எங்கள் பட்டறையில் உட்கார்ந்து பார்த்தவன்தான், இருந்தாலும் சொல்கிறேன். கண்ணாடியைத் துடைத்து எண்ணெய் தடவி, இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு குழிக்கும் ஒவ்வொரு கலராகக் கரண்டியால் ஊற்ற வேண்டும். பிறகு அச்சை ஆடாமல் தூக்க வேண்டும். அந்த ஒரு நொடியில் மூச்சுக்கூட விடமாட்டார் பெரியவர். அதற்கு மேல் உலர்ந்த மணலும் சிமெண்ட்டும் தூவி, மேலே ஈரக் கலவை போட்டுத் தட்டி மட்டம் செய்தால் பார்க்க எல்லாம் முடிந்த மாதிரி இருக்கும். ஆனால் முடியவில்லை. கல் தொட்டித் தண்ணீரில் கிடக்க வேண்டும். எங்கள் பட்டறையில் குறைந்தது மூன்று நாள் கணக்கு. சிமெண்ட் காய்ந்து இறுகுகிறது என்றுதான் ஊரில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். அது தண்ணீரைக் குடித்துத்தான் இறுகும். குடிக்க விடாமல் எடுத்தால் வெளியில் கல், உள்ளே மாவு.

அந்த வருஷம் விடாத மழை. ஆர்டர் கொடுத்த வீட்டுக்காரர்களுக்குத் தையில் கிரகப்பிரவேசம். பத்தங்குலக் கல் ஆயிரத்து அறுநூறு வேண்டும், தொட்டியோ இரண்டுதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? கடைசி அறுநூறு கல்லை ஒரு ராத்திரிதான் தண்ணீரில் போட்டேன். விடிகாலையில் நானே கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டியில் இறங்கி எடுத்தேன், பெரியவர் வருவதற்கு முன்னால். அவர் வந்து வெறும் தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. மாசி பிறக்குமுன் போன் வந்துவிட்டது. முனை பொரிகிறது, கலர் தோலாக உரிகிறது, தரை முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கிறது என்று.

போய்ப் பார்த்தேன். அந்த வீட்டு ஹாலில், பத்துப் பேர் முன்னால், என் வாயிலிருந்து தானாக வந்தது: “கலவை போட்ட ஆள் வயசானவர், கணக்குத் தப்பிட்டார்.” யோசித்துக்கூடச் சொல்லவில்லை. பேச்சு பெரியவர் காதுக்குப் போக இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் அவர் வேலைக்கு வரவில்லை. அந்த மாதக் கூலியைக் கேட்டுக்கூட வரவில்லை. அடுத்து மார்ச் 25-ல் கொரோனாவால் ஊரே அடைந்ததும், அதுவே எனக்குச் சாக்காகப் போயிற்று. எல்லார் தொழிலும் படுத்துக் கிடந்தபோது என் தொழில் ஏன் படுத்தது என்று யார் கேட்கப்போகிறார்கள்?

பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கொல்லையை விற்றேன். வீட்டுக்காரி சங்கிலி போனது. நானும் கோயிலுக்குப் போய் அழுதேன்: ஆண்டவரே, உமக்கு என்ன குறை வைத்தேன், ஏன் இந்தத் தோல்வி என்று. ஒரு நாள் பூசையில் எரேமியா 18-ஆம் அதிகாரம் வாசித்தார்கள். குயவன் கையில் மண்பாண்டம் கெட்டுப்போகிறது, அதே மண்ணை எடுத்து வேறொன்றாக வனைகிறான். “நம் தோல்விகளையும் ஆண்டவர் அப்படித்தான் வனைவார்” என்று பிரசங்கம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. மண் சரி சாமி, பச்சையாக இருக்கும்வரை பிசையலாம். சிமெண்ட்டை என்ன செய்வீர்கள்? இறுகின கல்லை எந்த ஆண்டவர் திரும்பக் குழைப்பார்? தொழில் தெரிந்தவனுக்கு உவமை சொல்வது கஷ்டம்.

தவக்காலம் வந்தது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முட்டி போட்டு என் நட்டத்தையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். பங்குச் சாமியார் சின்ன வயசுக்காரர். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “நட்டப்பட்டது பாவம் இல்லைங்க. அதை ஏன் இங்க சொல்றீங்க? பாவம் எதுவோ அதைச் சொல்லுங்க” என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. பிறகு பெரியவர் விஷயத்தைச் சொன்னேன். பாவ மன்னிப்புக் கொடுத்தார். அத்தோடு, “அவர்கிட்ட எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துடுங்க” என்றார். கூலி பாக்கிதான் சாமி, கொடுத்துவிடுகிறேன் என்றேன். “கூலி மட்டுமா? பேரு?” என்றார்.

வீட்டுக்கு வந்து மறைக்கல்வி நூலைத் தேடி எடுத்துப் பார்த்தேன். 2487-ஆம் எண்ணில் இருக்கிறது: மன்னிப்புக் கிடைத்துவிட்டாலும், உண்மைக்கு எதிராகச் செய்த கெடுதலை ஈடுகட்டும் கடமை போகாது, ஒருவருடைய நற்பெயரைக் கெடுத்ததும் அதில் சேரும். ஐம்பது வருஷமாகக் கோயிலுக்குப் போகிறவன் அன்றைக்குத்தான் அதைப் படித்தேன்.

சொக்கு, அப்போது எனக்கு உங்கள் ஐயா, அதுதான் உன் தாத்தா, பர்மாவில் கடன் கொடுத்த கணக்கை எழுதின பேரேடு ஞாபகம் வந்தது. பத்தாம் வகுப்பு லீவில் மாடியில் பெட்டியைத் திறந்து காட்டினாயே. நெல் விலை விழுந்து, கடன் வாங்கினவர்கள் கட்ட முடியாமல் போய், 1930-களின் கடைசியில் கீழ்ப் பர்மா விளைநிலத்தில் கால்வாசி நகரத்தார் பேரில் வந்து விழுந்திருந்தது. 1942-ல் ஜப்பான்காரன் வந்தான். உங்கள் ஐயா அராக்கான் மலைப் பாதையில் நடந்து வந்து சேர்ந்தார். 1948-ல் நிலத்தை அரசாங்கமே எடுத்துக்கொள்ளச் சட்டம் போட்டுவிட்டது. அதற்குப் பிறகும் வருஷா வருஷம் ஐந்தொகை போட்டிருந்தார் மனுஷன். வராத பாக்கி என்று தெரிந்தும் ஒரு பக்கம், அதே கையெழுத்து, அதே நேர்கோடு. “வராதுன்னு தெரிஞ்சும் ஏன் எழுதினாங்க?” என்று நீ கேட்டதற்கு உன் அப்பா, “எழுதாட்டி அது கணக்கு இல்லையேப்பா” என்றார். நான் என் கணக்கில் ஒரு பக்கத்தைக் கிழித்து இன்னொருத்தர் ஏட்டில் ஒட்டியிருந்தேன்.

போனேன். கூலியைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனேன். வண்டியில் போக மனசு வரவில்லை. பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக்கு நரம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். டீ போடச் சொன்னார். மழை பற்றிப் பேசினார். நான் எப்படி ஆரம்பிப்பது என்று டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அவரே கேட்டார்.

“கல்லு தொட்டில எத்தன நாள் கெடந்துச்சு?”

“மழை ஜாஸ்திங்க, அவங்க அவசரப்படுத்தினாங்க...”

“அதக் கேக்கல. எத்தன நாள் கெடந்துச்சு?”

“கம்மிதான்.”

“எத்தன நாளு தம்பி?”

“ஒரு ராத்திரி.”

வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். “ம்” என்றார். அவ்வளவுதான்.

இராயப்பர் (பேதுரு) கதை உனக்கும் தெரியும், பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருக்கிறாய். சேவல் கூவுமுன் மூன்று தரம் மறுதலித்தவர். அவர் மறுதலித்தது கரி நெருப்பில் குளிர்காய்ந்துகொண்டு நிற்கும்போது. அருளப்பர் (யோவான்) சுவிசேஷத்தில் 18-ஆம் அதிகாரம். உயிர்த்த பிறகு ஆண்டவர் ஏரிக்கரையில் அவருக்காகக் காத்திருக்கிறார், 21-ஆம் அதிகாரத்தில். அங்கேயும் ஒரு கரி நெருப்பு, மேலே மீன். அங்கே வைத்துத்தான் “என்னை அன்பு செய்கிறாயா” என்று மூன்று தரம் கேட்கிறார். அன்று ராத்திரி ஏன் ஓடினாய் என்று ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அந்தப் புகை நாற்றம் இராயப்பருக்கு எதை ஞாபகப்படுத்தியிருக்கும் என்று ஆண்டவருக்குத் தெரியாதா? எத்தனையோ தரம் கேட்ட வாசகம். அந்த நெருப்பு என் கண்ணில் பட்டதே இல்லை. பெரியவர் திண்ணையிலிருந்து திரும்பி வரும்போதுதான் பட்டது.

மறுவாரம் அந்த ஹாலுக்கும் போய், அதே ஆட்கள் முன்னால் சொன்னேன். வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்றுவரை பேசுவதில்லை. அது அவர் உரிமை.

பெரியவர் திரும்ப வந்தாரா என்று கேட்பாய். வரவில்லை. வேறு பட்டறையில் இருக்கிறார். ஆனால் சாயங்காலம் சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்கள் வாசல் வழியாகத்தான் போகிறார். நின்று தொட்டியை எட்டிப் பார்க்கிறார். பையன்களுக்கு நடுக்கம். எனக்கும்தான்.

பொரிந்த கல்லில் உடையாமல் வந்ததைக் கொண்டுவந்து என் வீட்டுத் தாழ்வாரத்தில் பதித்துவிட்டேன். வீட்டுக்காரிக்கு முதலில் பிடிக்கவில்லை. தினம் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து உப்பு குறைந்துவிட்டது. பொரிசல் போகவில்லை, போகாது. சாமியாரிடம் இதைக் காட்டி, “எரேமியா இதுக்கு என்ன சொல்றார்?” என்றேன். சிரித்துவிட்டு, அதன் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார்.

உனக்கு ஆகுமா என்று கேட்டாய். கடை மூடினது உன் தப்பா என்று எனக்குத் தெரியாது. உன் கடிதத்தில் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறாய். ஆன்லைனில் சாமான் வாங்க ஆரம்பித்தது, கொடுத்த கடன் திரும்பாதது, தம்பியிடம் சொல்லாமல் நகையை வைத்தது, எல்லாம் சேர்ந்து “தோத்துட்டேன்” என்று ஒரு வார்த்தை. அதைப் பிரித்துப் பாரேன். முதல் இரண்டும் நட்டம். அதற்கு அழு, தப்பில்லை. மூன்றாவதற்குத் தம்பி வீட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும். இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

பிப்ரவரி 4 அன்று ஓரியூர் போகிறேன், அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ சாமியார்) திருநாளுக்கு. நீயும் வா. ஒன்பதாவது படிக்கும்போது திருவாடானை வழியாக பஸ்ஸில் போய், அந்தச் செம்மண்ணை ஜியாமெட்ரி பாக்ஸில் அள்ளி வந்தோமே. அவரை 1686-ல் பிடித்து அடித்து, இனி இந்த நாட்டில் போதிக்கக் கூடாது என்று மறவர் சீமை ராஜா சேதுபதி சொல்லிவிட்டார். மறுவருஷம் கப்பலேறி ஐரோப்பா போனார். அத்தோடு கணக்கை முடித்திருந்தால் தோற்றுப்போன சாமியார்தான். 1690-ல் திரும்பி வந்தார். வந்து ஜெயித்தாரா என்றால், 1693-ல் அதே மறவர் சீமையில் தலையை வெட்டினார்கள். 1947-ல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியவா போகிறது? இதைச் சின்னவனிடம் சொன்னபோது, “அப்ப எதுக்குப்பா திரும்பி வந்தார்?” என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. உனக்குத் தோன்றினால் பஸ்ஸில் சொல்.

ஆச்சியைக் கேட்டதாகச் சொல். முட்டிவலிக்கு இங்கே எண்ணெய் காய்ச்சித் தருகிறார்கள், வாங்கி வைக்கிறேன். முந்தின நாளே வந்துவிடு. பின்வாசல் வழியாக வா. முன்வாசலில் இந்த வாரக் கல் காய்கிறது, இருட்டில் மிதித்துவிடாதே.

உன்,
அந்தோணி