விடுதலை ஆனதெல்லாம் பொய் வழக்கா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், பல வழக்குகள் விடுதலையில் முடிவதே அவை பொய் என்பதற்குச் சான்று என்று ஒரு வரி வந்திருக்கிறது. உங்கள் இதழில் இதைப் படிக்க மனம் வலிக்கிறது. 1968இல் கீழ்வெண்மணியில் தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிந்துபோன வழக்கிலும் உயர் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுதலைதான் செய்தது. அதுவும் பொய்யா?

வழக்கு எங்கே ஒடிகிறது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. வழக்குப் பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று இந்தச் சட்டத்தின் 18ஏ பிரிவு 2018 முதல் சொல்கிறது. ஆனாலும் காவல் நிலையத்தில் எஃப்ஐஆர் போடாமல், புகார் வந்தது என்பதற்கு மட்டுமான சிஎஸ்ஆர் ரசீதைக் கொடுத்து அனுப்புகிறார்கள். அந்த இடைவெளியில் எதிர்த்தரப்பிடம் ஒரு புகார் வாங்கி, இரண்டையும் வாபஸ் வாங்கச் சொல்லிச் சமாதானம் பேசுகிறார்கள். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியது பிறர் பார்க்கும் இடத்தில் நடந்தது என்பதைப் புகாரில் எழுதாமல் விட்டால், அந்தப் பிரிவு பிறகு நிற்காது. டிஎஸ்பி விசாரிக்க வேண்டிய வழக்கில் இன்ஸ்பெக்டர் வாக்குமூலம் வாங்கி டிஎஸ்பி கையெழுத்து மட்டும் போட்டிருந்தால், குறுக்கு விசாரணையில் அதைத்தான் முதலில் பிடிக்கிறார்கள். பழங்குடியினரான இருளர் என்றால் வழக்குக்குத் தேவையான சாதிச் சான்றே பெரும்பாடு. கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அவர் அலுவலகத்தில் பெற்றோரின் சான்றைக் கேட்கிறார்கள். பெற்றோருக்கு யார் கொடுத்தார்கள்?

ஜாமீன் மனு வந்தால் பாதிக்கப்பட்டவருக்கு நோட்டீஸ் தர வேண்டும் என்கிறது 15ஏ பிரிவு. அது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொல்லிவிட்டது. பல நேரம் குற்றம் சாட்டப்பட்டவர் தெருவுக்குத் திரும்பிய பிறகுதான் ஜாமீன் கிடைத்ததே தெரிகிறது. சாட்சியோ அந்தக் குற்றம் சாட்டப்பட்டவரின் வயலிலேயே கூலி வேலை செய்பவர். வாய்தாவுக்கு வாய்தா கூலி போகிறது. இந்தச் சட்டத்தின் விதி 11இன்படி சாட்சிக்குப் பயணப்படியும் தினப்படியும் உண்டென்று யாரும் சொல்வதில்லை. குற்றப்பத்திரிகை தாக்கலான இரண்டு மாதத்தில் முடிய வேண்டிய விசாரணை ஆண்டுக்கணக்கில் இழுத்தால் அந்தச் சாட்சி, முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லும் பிறழ்சாட்சி ஆகாமல் என்ன செய்வார்?

வாச்சாத்தி என்ற பழங்குடிக் கிராமத்தில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் செய்த கொடுமை நடந்தது 1992இல்; தருமபுரி நீதிமன்றத் தீர்ப்பு 2011இல். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள். அந்த மக்கள் நடுவில் சோர்ந்திருந்தால், உங்கள் கட்டுரையாளர் கணக்கில் அதுவும் பொய் வழக்காகியிருக்கும்.

சேரி வீடுகள் எரிந்தாலும் ‘இரு தரப்பினர் மோதல்’ என்றே தலைப்பிடுவது உங்கள் இதழிலும் நெடுநாள் வழக்கம். அதையும் பொறுத்துத்தான் படித்து வருகிறோம்.

கேட்பது இவ்வளவே. எஃப்ஐஆர் நகல் இலவசம், ஜாமீன் விசாரணையில் பேசும் உரிமை, பயணப்படி, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பில்லாத இலவச சட்ட உதவி, அதற்கான 15100 என்ற தொலைபேசி எண் ஆகியவற்றை அடுத்த இதழில் அதே பக்கத்தில் கட்டம் கட்டி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திண்டிவனம்