ஒட்டுவதற்கு முன்னால் தட்டிப் பார்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. தினமும் உன்னை நினைத்துக்கொண்டே பதில் போடாமல் இருந்தது என் தப்புதான், மன்னித்துவிடு. அம்மா நன்றாக இருக்கிறாள், முழங்கால் வலி குறைந்திருக்கிறது. சின்னவள் என்னைவிட உயரமாகிவிட்டாள். சுந்தரம் உன்னை விசாரித்தான். சரி, விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இது காத்திருக்கக் கூடாத விஷயம்.

அடுத்த மாதம் உன் வீட்டு வண்டிக்கு, அந்த மோட்டார்ஹோமுக்கு, வினைல் ராப், அதாவது வண்டியைப் போர்த்தும் மெல்லிய பிளாஸ்டிக் படலம், ஒட்டப்போவதாக எழுதியிருந்தாய். அதுவும் முழுக் கறுப்பில். முரளி, கொஞ்சம் பொறு. நான் இப்போதுதான் என் கேம்பர் வண்டிக்கு அதே வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பத்து நாளில் முடியும் என்று ஆரம்பித்த வேலை இரண்டரை மாதம் இழுத்தது. ஒட்டுகிற வேலைக்குப் பிடித்தது நான்கே நாள். மீதி நாளெல்லாம் எங்கே போனது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் வண்டியில் ஒட்டியிருந்த பழைய வினைல் பட்டைகளை உரித்தேன். பதினைந்து வருட வெயில் பார்த்தவை. சூடான காற்று ஊதும் ஹீட் கன்னால் சூடாக்கி இழுத்தால் முழுசாக வரும் என்று நினைத்தேன். நகத்தளவு நகத்தளவாகத்தான் பெயர்ந்தது. ஒரு பக்கத்துப் பட்டைக்கு மட்டும் மூன்று நாள். வினைல் தன் ஆயுளைத் தாண்டி வெயிலில் கிடந்தால் இப்படித்தான் காய்ந்து நொறுங்கும். நீ எதை ஒட்டினாலும், அது இன்னும் இழுபடுகிற பதத்தில் இருக்கும்போதே உரித்துவிடு. நல்ல படலம் பக்கச் சுவரில் ஐந்து முதல் ஏழு வருடம் தாங்கும். மேலே வெயில் நேராக விழுகிற இடங்களில் அதற்கு வெகு முன்பே போய்விடும்.

இடப்பக்க ஜன்னலுக்குக் கீழே கடைசித் துண்டை உரித்துக்கொண்டிருந்தபோது கட்டைவிரல் சுவரில் பட்டது. சுவர் உள்ளே அமுங்கி, மெதுவாகத் திரும்பி வந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஜன்னல் சட்டத்தைச் சுற்றித் தண்ணீர் புகாமல் பூசியிருந்த சீலன்ட் ஓரத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. எத்தனை மழை அது வழியாக உள்ளே இறங்கியதோ! சட்டத்தைக் கழற்றினேன். ஃபைபர்கிளாசுக்குப் பின்னால் இருந்த பிளைவுட் கறுத்துப்போய், விரலால் கிள்ளினால் நார் நாராகக் கையோடு வந்தது. ஒரு முழ அகலத்துக்கு அப்படி.

அதை வெட்டி எடுத்து, உள்ளே காயவிட்டு, புது பிளைவுட் வைத்து ஒட்டி, சட்டத்தைத் திரும்பப் பொருத்தி சீலன்ட் போட ஆறு வாரம். அந்த ஆறு வாரமும் எனக்கு ஒரே நினைப்புதான்: பட்டையை உரிக்காமல் அப்படியே மேலே ஒட்டியிருந்தால்? வண்டி புதுசு போல மின்னியிருக்கும். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவரைத் தின்றுகொண்டே இருந்திருக்கும்.

அதனால் நீ படலம் வாங்குவதற்கு முன்னால், விரல் முட்டியால் வண்டி முழுவதும் தட்டிக்கொண்டே வா. நல்ல சுவர் ஒரே மாதிரி கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். எங்கே சத்தம் மாறுகிறதோ, எங்கே சுவர் கொஞ்சம் உப்பியிருக்கிறதோ, அங்கே ஒரு குறி போட்டு வை. ஜன்னல், கதவு, கூரை விளிம்பு, பின்விளக்கு எல்லாவற்றுக்கும் அடியில் கட்டாயம் பார். தண்ணீர் ஒரு இடத்தில் நுழைந்து வேறு இடத்தில் தங்கும்.

அப்புறம் உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பார். சுண்ணாம்பு போல வெள்ளையாக ஒட்டினால் ஃபைபர்கிளாஸ் மேல் இருக்கும் பளபளப்புப் பூச்சு, அதாவது ஜெல்கோட், தூள் தட்டிவிட்டது என்று அர்த்தம். அதன் மேல் ஒட்டினால் பசை தூளைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது. ரப்பிங் காம்பவுண்ட் என்கிற தேய்ப்புப் பசை போட்டு மெஷினால் தேய்த்து, கழுவி, கடைசியில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். ஆனால் மெழுகு போட்டுவிடாதே. பழக்கதோஷத்தில் உன் கை அதைத்தான் தேடும், எனக்குத் தெரியும். துடைத்த இடத்தில் ஒரு டேப்பை அழுத்தி ஒட்டிப் பிய்த்துப் பார். பசைப் பக்கம் சுத்தமாக இருந்தால் சுவர் தயார்.

படலத்தில் காஸ்ட் வகையே, அதாவது திரவமாக ஊற்றி உலர்த்திச் செய்கிறதையே வாங்கு. சுமார் 50 மைக்ரான்தான் இருக்கும், கையில் எடுத்தால் இவ்வளவு மெல்லிசா என்று தோன்றும். உருளைகளுக்கு நடுவே அழுத்தி இழுத்துச் செய்கிற கேலண்டர் வகை அதைவிடத் தடிமன், விலையும் குறைவு. ஆனால் இழுபட்ட பொருள் நாளாக நாளாகப் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். தட்டையான சுவரில் சமாளிக்கலாம். உன் வண்டியில் இருக்கிற வளைவுக்கும் ரிவெட் தலைகளுக்கும் அது சரிப்படாது, ஓரம் ஓரமாக எழும்பிவிடும். பள்ளங்களில் ஒட்டிய பிறகு ஹீட் கன்னால் மறுபடி நன்றாகச் சூடு காட்டு. எத்தனை டிகிரி என்பது படலத்தோடு வரும் தாளில் இருக்கும்.

ஒட்டும் நாளன்று சின்னவள்தான் மறுமுனையைப் பிடித்தாள். நடுவில் டேப்பால் நிறுத்தி, பின்தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்து, துணி ஓரம் வைத்த ஸ்க்வீஜி என்கிற தேய்ப்புத் தகட்டால் நடுவிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டே போனோம். பின்பக்கத்தில் ஆரம்பித்து முன்னால் வா. அப்போதுதான் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் ஓரம் காற்றுக்கு முதுகு காட்டும். சீலன்ட் மேல் ஒட்டாதே, பிடிக்காது. ஃபிரிட்ஜ் காற்றுத்துளைகளையும் ஹீட்டர் புகைவாயையும் மூடிவிடாதே.

கறுப்பு வேண்டாம், முரளி. உனக்குப் பிடிக்கும் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். வெயிலில் கறுப்புச் சுவர் வெள்ளையைவிட ரொம்பவே சூடேறும். ஃபைபர்கிளாசையும் பிளைவுட்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பசைக்கு அந்தச் சூடு ஆகாது. உள்ளே படுக்கப்போவதும் நீதானே? வெளிர்சாம்பலில் ஒட்டி, கீழே ஒரு பட்டை மட்டும் கறுப்பில் விடு.

இந்த வாரமே தட்டிப் பார்த்து எழுது. எங்காவது சத்தம் மாறினால் நீயாகச் சட்டத்தைக் கழற்றாதே. ஈரம் பார்க்கிற மீட்டரை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.

அன்புடன்,
ராகவன்