என் நோட்டில் உன் எடை

அன்பு மகளுக்கு,

போன மாதம் நீ வந்துவிட்டுப் போன பிறகு உன் அறையைப் பெருக்கினேன். எடை பார்க்கும் கருவி கட்டிலுக்கு அடியில், சுவரோரம் குப்புறக் கிடந்தது. அதன் மேல் ஒரு பழைய போர்வை. நீ எதையும் ஒளித்து வைக்கிற பிள்ளை இல்லை. தொலைபேசியில் நான் சொன்ன சொல் எவ்வளவு ஆழமாகத் தைத்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. “வயிற்றையே வெட்டி எடுத்தும் இப்படியா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மன்னித்துவிடு, அம்மா.

எடை குறைப்பதற்கான அந்த அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாளிலிருந்து உன் எடையை நான் ஒரு நோட்டில் எழுதி வந்தது உனக்குத் தெரியாது. முதல் வரி 118 கிலோ. பதினெட்டாம் மாதம் 96. அதற்குப் பிறகு நீ சொல்லவில்லை. பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. இந்த முறை முகத்தைத் திருப்பிக்கொண்டு 104 என்றாய்.

அந்த வெற்றுப் பக்கங்கள்தான் என்னைப் படிக்க வைத்தன. உன் உயரம் 160 செ.மீ. உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் பி.எம்.ஐ. கணக்கில், கூடுதல் எடையை 25க்கு மேல்தான் எண்ணுகிறார்கள்; உனக்கு அது 64 கிலோ. அதற்கு மேல் இருந்த 54 கிலோவில் பதினெட்டாம் மாதம் வரை நீ குறைத்தது 22, ஏறக்குறைய 41 சதவீதம். பாதிகூடக் குறையாவிட்டால் அதைத் ‘தோல்வி’ என்றே வெகுகாலம் எழுதி வந்தார்கள். இப்போது நிபுணர்கள் அந்தச் சொல்லைக் கைவிட்டு, ‘போதிய பலன் கிடைக்கவில்லை’ என்கிறார்கள். இது வெறும் நாகரிகப் பேச்சு இல்லை. ரத்த அழுத்த மாத்திரை போதவில்லை என்றால் மருந்தைத்தானே மாற்றுகிறார்கள்? நோயாளி தோற்றுவிட்டார் என்று யார் சொல்கிறார்கள்?

ஸ்வீடனில் 1987இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. எடைக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட 2,010 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளில் எடை அடிமட்டத்துக்கு இறங்கி, பிறகு மெல்ல ஏறியிருக்கிறது. பத்தாம் ஆண்டில், வயிற்றைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் பைபாஸ் செய்துகொண்டவர்களுக்குச் சராசரியாக 25 சதவீதமும், வயிற்றில் பட்டை பொருத்திக்கொண்டவர்களுக்கு 14 சதவீதமும் குறைந்து நின்றது. வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுத்து, மீதியைக் குழாய்போலத் தைக்கும் ஸ்லீவ் முறைதான் உனக்குச் செய்தது; அது அந்த ஆய்வில் இல்லை. ஆனாலும், இறங்கிய எடை கொஞ்சம் ஏறுவது உன் ஒருத்திக்கு மட்டும் நடந்ததில்லை என்று தெரிந்தபோது எனக்கு மூச்சு வந்தது. எடை குறைந்தால் உடல் அதைப் பஞ்சமாக எடுத்துக்கொள்கிறது. பசியைக் கூட்டுகிறது, எரிக்கும் சக்தியைக் குறைத்துக்கொள்கிறது. அதோடு நீ ஒவ்வொரு நாளும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறாய். நானோ உன் தட்டில் எத்தனை கவளம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

என்னை அதிகம் வருத்துவது எடை இல்லை. மறுபரிசோதனைக்குப் போவதை நீ நிறுத்திவிட்டாய் என்பதுதான். “என்ன முகத்தோடு போவது?” என்றாயே, அந்த வெட்கம் உன்னைத் தேவையான இடத்திலிருந்தே விலக்கிவிட்டது. பி12, இரும்புச்சத்து, வைட்டமின் டி எல்லாவற்றையும் ஆயுள் முழுக்கப் பார்த்துவர வேண்டும். எடை 64 ஆனாலும் பார்க்க வேண்டியவை இவை.

காரணமும் மருத்துவர் தேடிப் பார்க்க வேண்டியது. குழாய்போலத் தைத்த வயிறு விரிந்திருக்கலாம். உனக்கு நெஞ்செரிச்சல் இருப்பதை நான் கவனித்தேன். எண்டோஸ்கோப்பி தேவையா என்று கேள். திட உணவு அடைப்பதுபோல் இருப்பதால் மென்மையான, இனிப்பானவற்றுக்கு மாறிக் கொறிக்கிற பழக்கம் பலருக்கும் வந்துவிடுகிறதாம். இரவில் சமையலறை விளக்கு எரிந்ததை நானும் பார்த்தேன். அதையும் மறைக்காமல் சொல். மனச்சோர்வுக்கு நீ எடுக்கும் மாத்திரையைப் பற்றியும் சொல். அந்த வகை மருந்துகளில் சில எடையைக் கூட்டும். தயவுசெய்து அதை நீயாக நிறுத்திவிடாதே.

வழி அடைந்துவிடவில்லை. பசியைக் குறைக்கும் செமாக்ளுடைட் போன்ற ஊசி மருந்துகளை இப்போது அறுவை சிகிச்சைக்குப் பிறகும் தருகிறார்கள். ஸ்லீவை பைபாஸாக மாற்றுவதும் உண்டு. ஆனால் இரண்டாம் முறை வெட்டுவதில் முதல் முறையைவிட ஆபத்து கூடுதல். அதற்கு அவசரப்பட வேண்டாம் என்றுதான் என் மனம் சொல்கிறது. முடிவு உன்னுடையது.

இன்னொன்று. 104ஐயே பார்த்துக்கொண்டிருந்ததில், 118லிருந்து இன்னும் 14 கிலோ குறைந்தே நிற்கிறாய் என்பதை நாம் இருவருமே மறந்துவிட்டோம். மாடிப்படி ஏறி வந்து, மூச்சு வாங்காமல் என்னோடு பேசினாய். முன்பு நடுவில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாய்.

கருவியை நான் நகர்த்தவில்லை, போர்வையோடு அங்கேயே இருக்கிறது. நோட்டை மட்டும் உனக்கு அனுப்புகிறேன். அது உன்னிடம்தான் இருக்க வேண்டும். மருத்துவரிடம் நேரம் வாங்கியதும் எந்த நாள் என்று எழுது. நான் வந்து வெளியே உட்கார்ந்திருக்கிறேன். நீ கூப்பிட்டால் மட்டும் உள்ளே வருகிறேன்.

அன்புடன்,
அப்பா